முடிவு தெரிந்த கதை

ஒரு கதையின் முடிவு முன்கூட்டியே தெரிந்துவிட்டால், அதற்குப் பின் அக்கதையைக் கேட்பதில் சுவை ஏது என்று நாம் எண்ணுகிறோம். துப்பறியும் நாவலின் கடைசிப் பக்கத்தை முதலிலேயே படித்துவிட்டு, கொலைகாரன் இன்னான் என்று சொல்லிவிடும் நண்பனிடம் நமக்குக் கோபம் வருகிறது. ஆனால் கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் தலைமுறை தலைமுறையாக நிலவிவரும் வழக்கம் ஒன்று இதற்கு நேர்மாறானது. உடுக்கை ஒலிக்க, பாட்டும் உரையுமாக, இரவு முழுவதும் ஒரு கதை சொல்லப்படுகிறது. ஓர் இரவில் அது முடிவதில்லை. பல இரவுகள் தொடர்கிறது. கூடியிருப்போர் அனைவருக்கும் அதன் முடிவு தெரியும். கதைத் தலைவர்கள் பதினாறு வயதில் மடிவார்கள் என்பது அவர்கள் பிறப்பதற்கு முன்பே கதையில் சொல்லப்பட்டுவிடுகிறது. இருந்தும் ஒருவரும் எழுந்து போவதில்லை. முடிவு நெருங்க நெருங்கக் கூட்டம் பெருகுகிறது, கண்ணீரும் பெருகுகிறது.

இஃது ஏன்? கதை உலகில் முன்னறிவிப்பு என்னும் பொருள் என்ன வேலை செய்கிறது? விதி என்று ஒன்றை வைத்துவிட்ட பிறகு, கதைமாந்தர் செய்வதற்கு என்ன எஞ்சுகிறது? மாணவ நண்பர்களே, இவ்வினாக்களுக்கு அண்ணன்மார் கதையையே வாயிலாகக் கொண்டு விடை காண முயல்வோம்.

அண்ணன்மார் கதைக்குப் பொன்னர் சங்கர் கதை என்றும் பெயர் உண்டு. பொன்னர் மூத்தவர்; அமைதியும் பொறுமையும் உடையவர். சங்கர் இளையவர், வீரமும் சினமும் மிக்கவர். அவர்களுக்கு ஒரே தங்கை; தங்காள் என்றும், அருக்காணி என்றும் அவளை அழைப்பர். தந்தை குன்றுடையான், தாய் தாமரை. திருச்சிராப்பள்ளி மாவட்டத்து மணப்பாறையை அடுத்த வளநாடும் வீரப்பூரும் கதையின் முதன்மையான களங்கள். வீரப்பூரில் பெரியக்காண்டியம்மன் கோயிலில் மாசித் திங்களில் நடக்கும் திருவிழாவுக்கு இன்றும் கொங்கு நாட்டிலிருந்து மக்கள் திரண்டு செல்கின்றனர். கோவை, ஈரோடு, கரூர், நாமக்கல் வட்டாரங்களில் அண்ணன்மாருக்குக் கோயில்கள் பல உள்ளன.

வாய்மொழியாகவே வழங்கிவந்த இக்கதையைக் கனடா நாட்டு மானிடவியல் அறிஞர் பிரெண்டா பெக் 1965-ஆம் ஆண்டில் காங்கயம் வட்டாரத்தில் தங்கியிருந்தபோது, பாடகர்கள் பாடக் கேட்டு ஒலிப்பதிவு செய்தார். அதைப் பற்றி அவர் எழுதிய ஆராய்ச்சி நூல் 1982-இல் வெளிவந்தது. பாடகர் வாய்மொழிப் பாடம் 1992-இல் சென்னை ஆசியவியல் நிறுவனத்தால் நூலாக வெளியிடப்பட்டது. கலைஞர் மு. கருணாநிதி இக்கதையை நாவலாக எழுதினார். அது 2011-இல் திரைப்படமாகவும் வந்தது. வாய்மொழிக் கதைக்கு ஒரே பாடம் இருப்பதில்லை. ஊருக்கு ஊர், பாடகருக்குப் பாடகர் நிகழ்ச்சிகள் சிறிது மாறும். ஆயினும் அடிப்படையான செய்தி ஒன்றே.

நெடுங்காலம் பிள்ளைப்பேறு இல்லாத தாமரை கடுந்தவம் புரிகிறாள். தவத்திற்கு இரங்கிய சிவபெருமான் மக்கட்பேற்றை வழங்குகிறார். ஆனால் ஆண்மக்கள் இருவருக்கும் ஆயுள் பதினாறே ஆண்டு என்று வரையறுத்துவிடுகிறார். வரமும் விதியும் ஒரே வாக்கில் வந்து சேர்கின்றன.

பதினாறு என்ற எண்ணைக் கேட்டதும் நமக்கு மார்க்கண்டேயர் நினைவு வரும். அங்கும் தவம் இருந்தவர்கள் பெற்றோர். அங்கும் மகனுக்கு வயது பதினாறே. ஆனால் மார்க்கண்டேயர் இலிங்கத்தைத் தழுவிக்கொள்ள, திருக்கடவூரில் எமன் வீழ்கிறான், விதி விலகுகிறது. அண்ணன்மார் கதையிலோ விதி விலகவில்லை. ஒரே எண், ஒரே வகையான வரம், இரண்டு வேறு முடிவுகள். கொங்கு நாட்டுக் கேட்போர் இரண்டு கதைகளையும் அறிந்தவர்கள். எனவே பதினாறு என்ற சொல் காதில் விழுந்ததும், தப்பித்த ஒருவனின் நினைவு அவர்கள் உள்ளத்தில் ஒரு மெல்லிய நம்பிக்கையை எழுப்பும். முடிவு தெரிந்திருந்தும், இந்த முறையாவது அது மாறாதா என்று மனம் ஏங்கும். முன்னறிவிப்பு கதைக்குத் தரும் முதல் ஆற்றல் இந்த ஏக்கமே.

இனி, அந்த அறிவிப்பு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பாருங்கள். எத்தனை ஆண்டு என்பதைச் சொல்கிறது. யாரால், எங்கே, எந்தக் காரணத்தால், எத்தகைய பெயரோடு என்பதைச் சொல்லவில்லை. கதை முழுவதும் இந்தச் சொல்லாத பகுதியில்தான் நடக்கிறது. பங்காளிகளின் பகையும், சோழ மன்னனோடு ஏற்படும் பிணக்கும், தலையூர்க் காளியோடும் வேட்டுவரோடும் மூளும் போரும், கொம்பன் என்னும் காட்டுப் பன்றியின் வேட்டையும் அந்தப் பதினாறு ஆண்டுகளுக்குள் நிகழ்பவை. விதி ஒரு வயலுக்கு நான்கு வரப்பைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறது. உழுவதும் விதைப்பதும் கதைமாந்தரின் பொறுப்பாகிவிடுகிறது.

இக்கதையில் குறிகளைப் படிக்கத் தெரிந்தவள் தங்காள். வரப்போவது அவள் கனவில் தெரிகிறது; தீமை வருவதை அவள் முன்கூட்டியே உணர்கிறாள். ஆயினும் அவளுடைய அறிவுக்கும் ஓர் எல்லை உண்டு. ஒலிப்பதிவான பாடத்தில், வேட்டுவர் காட்டிலிருந்து கிளிகள் வேண்டும் என்று ஆசைப்படுபவளும் அவளே. தங்கையின் ஆசையை நிறைவேற்ற அண்ணன்மார் அந்தக் காட்டிற்குள் செல்ல, அதிலிருந்தே வேட்டுவரோடு பகை வளர்கிறது. எதிர்காலத்தைக் காணும் கண் உடையவள், தான் இன்று கேட்கும் ஒரு சிறு பொருளில் அந்த எதிர்காலம் ஒளிந்திருப்பதைக் காணவில்லை. எதிர்காலத்தை அறிவது வேறு, அது எந்த வழியாக வரும் என்பதை அறிவது வேறு என்பதை நாட்டுப்புறப் பாடகர் ஒரு கிளியை வைத்தே உணர்த்திவிடுகிறார்.

கடைசிக் குறி போர்க்களத்தில் வருகிறது. அதே பாடத்தில், மாயவன் எய்த அம்பு ஒன்று சங்கரின் மார்பில் கிடந்த நூலை அறுக்கிறது. உடலில் காயம் இல்லை. ஆயினும் காலம் முடிந்தது என்பதை அவர் உணர்ந்துகொள்கிறார். தம் வாளின்மீது தாமே விழுந்து உயிர் துறக்கிறார். தம்பி சென்ற வழியிலேயே பொன்னரும் செல்கிறார். பகைவன் கையால் சாகும் இழிவு அவர்களுக்கு நேரவில்லை. காலத்தை விதி குறித்தது. சாவின் தன்மையை அவர்கள் குறித்தார்கள். இந்த இடத்தைக் கேட்பதற்காகவே மக்கள் பல இரவுகள் விழித்திருக்கின்றனர் என்று சொல்லலாம். 'என்ன நடக்கும்?' என்ற வினாவுக்கு விடை தெரிந்துவிட்டதால், 'எப்படி நடந்துகொள்வார்கள்?' என்ற வினா கேட்போர் உள்ளத்தில் முழு இடத்தையும் பிடித்துக்கொள்கிறது. அறிந்த முடிவு ஆவலைக் கொன்றுவிடவில்லை. அதை வேறு திசைக்குத் திருப்பிவிடுகிறது.

குறியும் கனவும் கதையில் வருவது நாட்டுப்புற வழக்கம் மட்டும்தானா என்று கேட்கலாம். அன்று. சங்கப் பாட்டுகளிலேயே இதற்கு அழகிய சான்றுகள் உள்ளன. முல்லைப்பாட்டில் தலைவன் போருக்குச் சென்றிருக்கிறான். அவன் வரவுக்கு ஏங்கும் தலைவியின் பொருட்டு முதிய பெண்டிர் ஊரின் புறத்தே சென்று, நெல்லும் முல்லை மலரும் தூவி, காதில் விழும் நற்சொல்லுக்காகக் காத்து நிற்கின்றனர். இதற்கு விரிச்சி கேட்டல் என்று பெயர். அவ்வேளையில் இடைக்குலப் பெண் ஒருத்தி, தாய்ப்பசுவைக் காணாமல் தவிக்கும் கன்றைப் பார்த்து, உன் தாய் இப்போது வந்துவிடும் என்று தேற்றுகிறாள். அவள் பேசியது கன்றோடு. ஆனால் கேட்ட பெண்டிர் அதனைத் தலைவன் திரும்புவான் என்பதற்குரிய வாக்காகக் கொண்டு, தலைவிக்கு ஆறுதல் கூறுகின்றனர். சொன்னவள் ஒரு பொருளில் சொன்னாள். கேட்டவர் வேறு பொருளில் கொண்டனர். குறி என்பதில் பாதி சொல்பவரிடமும் பாதி கேட்பவரிடமும் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

கொங்கு மண்ணோடு தொடர்புடைய மற்றொரு சான்று புறநானூற்றில் உள்ளது. சேரரில் இரும்பொறை மரபினரின் பெயர் கரூரை அடுத்த புகழூர்க் கல்வெட்டில் காணப்படுவதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். அம்மரபைச் சேர்ந்த யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையே ஐங்குறுநூற்றைத் தொகுப்பித்த அரசன். தொகுத்தவர் புலவர் கூடலூர் கிழார். பங்குனித் திங்களின் ஓர் இரவில் விண்மீன் ஒன்று வீழக் கண்ட கூடலூர் கிழார், தம் அரசனுக்கு என்ன நேருமோ என்று அஞ்சினார். ஏழாம் நாள் அரசன் இறந்தான். அப்பாட்டைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். புலவர் தம் கணிப்பு பலித்தது என்று பெருமை கொள்ளவில்லை. அரசன் நோயின்றி இருக்க வேண்டுமே என்று வேண்டிய நண்பரின் நடுக்கமே பாட்டு முழுவதும் ஒலிக்கிறது. தாம் படித்த குறி பொய்த்துப்போக வேண்டும் என்று விரும்பியவர் அவர்.

குறியைத் தவறாகப் படிப்பதையும் சங்கப் புலவர் பாடியிருக்கின்றனர். குறிஞ்சித் திணைப் பாட்டுகளில், காதல் நோயால் மெலிந்த மகளைக் கண்டு கலங்கிய தாய் வேலனை அழைக்கிறாள். அவன் கழங்கு இட்டுப் பார்த்து, இது முருகனால் வந்த வருத்தம் என்கிறான், வெறியாட்டு நடக்கிறது. உண்மையான காரணம் மலைநாட்டுத் தலைவன் என்பது தோழிக்குத் தெரியும், தலைவிக்குத் தெரியும், படிக்கும் நமக்கும் தெரியும். தெரியாதவர்கள் தாயும் வேலனும் மட்டுமே. குறி பார்ப்பவன் பிழைபடலாம் என்பதை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தமிழ்க் கவிதை புன்முறுவலோடு காட்டியிருக்கிறது.

சிலப்பதிகாரத்தில் இந்நுட்பம் இன்னும் வளர்கிறது. நூல் முழுவதும் ஊழ்வினையின் நிழலில் நடப்பதே. ஆயினும் அதில் குறிகளைக் கேட்ட மூவர் மூன்று விதமாக நடந்துகொள்கின்றனர். கண்ணகி தீக்கனாக் காண்கிறாள். தோழி தேவந்தி அதற்குப் பரிகாரமாகச் சோமகுண்டம், சூரியகுண்டம் என்னும் துறைகளில் நீராடிக் காமவேள் கோட்டம் தொழுதால் கணவனைக் கூடி வாழலாம் என்கிறாள். கண்ணகி அது தனக்குப் பெருமை தராது என்று மறுத்துவிடுகிறாள். பாண்டிமாதேவி கனவு காண்கிறாள். செங்கோலும் குடையும் சாயக் கண்டு அஞ்சி அரசனிடம் உரைக்கச் செல்கிறாள். ஆனால் தீர்ப்பு அதற்கு முன்பே தரப்பட்டுவிட்டது. கண்ணகி வாயிலில் வந்து நிற்கிறாள். எச்சரிக்கை வந்தது, காலம் கடந்து வந்தது.

மூன்றாமவர் நூலாசிரியராகிய இளங்கோவே. சேரன் அவையில் நிமித்திகன் ஒருவன், அரசாளும் இலக்கணம் மூத்தவனுக்கன்றி இளையவருக்கே உண்டு என்று கூறினான் என்றும், அண்ணன் செங்குட்டுவனின் மனம் நோகாதபடி இளங்கோ அந்தக் கணமே துறவு பூண்டார் என்றும் வரந்தரு காதை குறிக்கிறது. நிமித்திகன் வாக்கு பொய்த்துவிட்டதா? அரியணையை வைத்து அளந்தால் பொய்த்துவிட்டது. ஆனால் அதே காதையில், இளங்கோவுக்கு உரியது அழியாத பேரின்பத்தின் ஆட்சி என்னும் கருத்தில் தெய்வ வாக்கு ஒன்று வருகிறது. அரசு என்ற சொல்லே புதுப்பொருள் பெற்றுவிடுகிறது. வாக்கு நிற்கிறது, அதன் பொருளை மாற்றியது ஒரு மனிதர் செய்த தேர்வு.

பிற நாட்டுக் கதைகளோடு இதனை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டஸ் கூறும் குரோசஸ் மன்னன் கதை புகழ் பெற்றது. கி.மு. ஆறாம் நூற்றாண்டில் லிடியாவை ஆண்ட அவன், பாரசீகரோடு போர் தொடுக்கலாமா என்று டெல்பி நகரத்துத் தெய்வ வாக்கைக் கேட்டான். போர் தொடுத்தால் ஒரு பெரிய பேரரசை அழிப்பாய் என்று விடை வந்தது. மகிழ்ந்து படையெடுத்தான், அழிந்தது அவனுடைய பேரரசே. பின்னர் அவன் தெய்வத்தைக் குறைகூறியபோது, எந்தப் பேரரசு என்று நீ ஏன் மறுபடி கேட்கவில்லை என்னும் பதில் கிடைத்தது. ஆசை மிகுந்தவன் இரண்டாம் வினாவைக் கேட்பதில்லை. ஷேக்ஸ்பியரின் மாக்பெத்தும் அத்தகையவனே. பர்னம் காடு பெயர்ந்து வந்தாலன்றித் தனக்குத் தோல்வி இல்லை என்ற வாக்கை நம்பி இறுமாந்திருந்தான். படைவீரர்கள் அக்காட்டின் கிளைகளை வெட்டி ஏந்தி வந்தபோது காடே நடந்து வந்தது.

இவை சொல்லின் இருபொருளில் சிக்கியவர் கதைகள். தப்ப ஓடியே சிக்கிக்கொண்டவர் கதைகளும் உண்டு. தந்தையைக் கொன்று தாயை மணப்பான் என்ற வாக்குக்கு அஞ்சி, ஈடிபஸைப் பெற்றோர் குழந்தையிலேயே காட்டில் விடச் செய்தனர். அவனும் பின்னர் அதே வாக்கைக் கேட்டு, வளர்த்தவர்களையே பெற்றோர் என்று எண்ணி அவர்களை விட்டு ஓடினான். அந்த ஓட்டமே அவனை உண்மைப் பெற்றோரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. நம் கம்சன் கதையும் இவ்வகையினதே. தேவகியின் எட்டாம் மகன் உன்னைக் கொல்வான் என்ற அசரீரிக்கு அஞ்சி அவன் செய்த கொடுமைகளே அவனுக்கு எதிராகப் பகையைத் திரட்டின. இவர்களோடு ஒப்பிட்டால் அண்ணன்மாரின் தனித்தன்மை விளங்கும். அவர்கள் வாக்கைத் தமக்கேற்பத் திரித்துக்கொள்ளவில்லை. அதற்கு அஞ்சி ஓடவும் இல்லை. அளந்து கொடுத்த காலத்தைக் குறைவற வாழ்ந்தனர்.

கதையில் இத்தனையும் பொருந்துகிறது. இங்கே ஓர் உண்மையை மறக்கலாகாது. கதையில் சொல்லப்படும் முன்னறிவிப்பு ஏன் தவறாமல் பலிக்கிறது? அறிவிப்பைச் சொல்லும் வாயும் முடிவை அமைக்கும் கையும் ஒருவருக்கே உரியவை. முதல் இரவில் பதினாறு ஆண்டு என்று பாடும் பாடகரே கடைசி இரவில் படுகளத்தையும் பாடுகிறார். கதை உலகில் விதி என்பது கதை சொல்பவர் கேட்பவருக்குத் தரும் வாக்குறுதி. அதை அவர் காப்பாற்றியே ஆகவேண்டும். வாழ்க்கையில் அவ்வாறு உறுதியளித்து உடன் நிற்பவர் எவரும் இல்லை.

காங்கயத்தை அடுத்த சிவன்மலையில் இதைச் சிந்திப்பதற்குரிய வழக்கம் ஒன்று உள்ளது. அம்மலைமேல் உள்ள சுப்பிரமணிய சுவாமி கோயிலில் 'ஆண்டவன் உத்தரவுப் பெட்டி' என்று ஒரு கண்ணாடிப் பேழை இருக்கிறது. முருகன் தம் கனவில் வந்து ஒரு பொருளைக் குறிப்பிட்டதாக அடியார் ஒருவர் வந்து சொன்னால், சுவாமி சந்நிதியில் பூக்கேட்டு, உத்தரவு கிடைத்தால் அப்பொருளைப் பேழையில் வைத்துப் பூசை செய்வர். அடுத்தவர் கனவில் வேறு பொருள் வரும்வரை அது அங்கேயே இருக்கும். மண், நீர், மஞ்சள், அரிசி, இரும்புச் சங்கிலி என்று பல பொருள்கள் இவ்வாறு வைக்கப்பட்டதுண்டு. பேழையில் உள்ள பொருள் வாய் திறந்து ஒன்றும் சொல்வதில்லை. விலை ஏறும் என்பார் ஒருவர். இறங்கும் என்பார் மற்றொருவர். செழிக்கும் என்பாரும் கெடும் என்பாரும் உண்டு. 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலை வந்தபோது, முன்பு பேழையில் நீர் வைக்கப்பட்டிருந்ததை நினைவுகூர்ந்து, அதன் பொருள் இதுவே என்று பலர் கூறினர். அந்தப் பொருள் விளங்கியது அலை வந்த பின்னரே. அடியாரின் பக்தியை அளப்பது நம் நோக்கமன்று. குறி மௌனமாக இருக்கிறது, பொருள் நிகழ்ச்சிக்குப் பின் நம்மால் சேர்க்கப்படுகிறது என்பதை மட்டும் மனத்தில் கொள்வோம். முல்லைப்பாட்டின் முதுபெண்டிர் செய்ததும் இதுவே அன்றோ?

அறிவியலும் எதிர்காலத்தைப் பற்றிப் பேசுகிறது. கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் காலநிலை ஆராய்ச்சி மையம், பருவமழைக்கு முன்பாக மாவட்டவாரியாக எதிர்பார்க்கப்படும் மழையைக் கணித்து வெளியிடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் அமைந்த கோவை வட்டாரத்திற்கு அது தேவையான செய்தி. ஆனால் அக்கணிப்பின் இயல்பு வேறு. அது முற்கால அளவுகளைச் சான்றாகக் காட்டுகிறது. வாய்ப்பு என்ற சொல்லால் தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்கிறது. பருவம் முடிந்தபின் தவறியதா பலித்ததா என்று எவரும் அளந்து பார்க்கலாம். எப்படி நடந்தாலும் பலித்தது என்று சொல்ல இடம் தரும் வாக்குக்கும், தவறினால் தவறு என்று ஒப்புக்கொள்ளும் கணிப்புக்கும் உள்ள வேறுபாடு இது.

இன்னொரு வகை முன்னறிவிப்பும் உண்டு. அதனிடம்தான் மாணவர்கள் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அது, சொல்லப்பட்ட காரணத்தாலேயே பலித்துவிடுவது. 1948-ஆம் ஆண்டில் அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் ராபர்ட் மெர்ட்டன் இதை ஒரு வங்கியை எடுத்துக்காட்டி விளக்கினார். நன்றாக நடந்துவரும் ஒரு வங்கி நொடித்துவிடும் என்று வதந்தி எழுகிறது. அதை நம்பி அனைவரும் ஒரே நாளில் பணத்தைத் திரும்பப் பெற ஓடுகிறார்கள். அந்த ஓட்டத்தினாலேயே வங்கி நொடித்துவிடுகிறது. வதந்தி பரப்பியவர், நான் அன்றே சொன்னேனே என்று பெருமை பேசுகிறார்.

இதே நிகழ்ச்சி நம் வீடுகளில் வேறு உருவில் நடப்பதுண்டு. இந்தப் பிள்ளையின் ஜாதகத்தில் கல்வி இல்லை என்று ஒருவர் சொல்லிவிடுகிறார். பெற்றோர் ஊக்கத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள். புத்தகம் வாங்கத் தயங்குகிறார்கள். பிள்ளையும் ஒரு தேர்வில் மதிப்பெண் குறைந்ததும், நம் தலையில் எழுதியது இவ்வளவுதான் என்று அமைந்துவிடுகிறான். படிப்பு நின்றுவிடுகிறது. வாக்கு பலித்துவிட்டது என்கிறார்கள். பெண்பிள்ளை என்றால் இந்தத் தீங்கு இன்னும் விரைவில் நேர்ந்துவிடுகிறது. இங்கே பலித்தது கோள்களின் ஆட்சியன்று. கேட்டவர்கள் கைவிட்ட முயற்சி. ஈடிபஸ் ஓடிச் சிக்கினான். இவர்கள் உட்கார்ந்து சிக்கினார்கள். கதையின் சட்டத்தை வாழ்க்கைக்குக் கொண்டுவந்ததால் நேர்ந்த கேடு இது.

திருக்குறளில் ஊழ் என்று ஓர் அதிகாரம் இருக்கிறது, அது முப்பத்தெட்டாவது. ஆள்வினையுடைமை என்று மற்றோர் அதிகாரம் இருக்கிறது, அது அறுபத்திரண்டாவது. முன்னதில் ஊழின் வலிமையைக் கூறிய வள்ளுவரே, பின்னதில் சோர்வின்றி உழைப்பவர் அந்த ஊழையும் புறங்காண்பார் என்கிறார். இரண்டும் முரண் என்று சிலர் கருதுவர். அண்ணன்மார் கதையை மனத்தில் வைத்துப் படித்தால் முரண் தோன்றுவதில்லை. நம் கையில் இல்லாதவை உலகில் பல உண்டு என்பதை முதல் அதிகாரம் நினைவூட்டுகிறது. எவை நம் கையில் இல்லை என்பது முயன்று பார்ப்பதற்கு முன்பு எவருக்கும் தெரியாது என்பதை இரண்டாம் அதிகாரம் உணர்த்துகிறது. பதினாறு ஆண்டுகளே என்று கேட்ட தாமரை, அப்பிள்ளைகளுக்குப் பால் ஊட்டாமல் இருந்துவிடவில்லை. வில்லும் வாளும் பயிற்றாமல் விட்டுவிடவும் இல்லை.

இனி நீங்கள் இத்தகைய கதையைக் கேட்கும்போதும் படிக்கும்போதும், குறி வரும் இடத்தில் சற்றே நின்று மூன்று வினாக்களைக் கேட்டுப் பாருங்கள். இது எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறது? கேட்பவர் தம் ஆசையாலோ அச்சத்தாலோ இதற்கு என்ன பொருள் சேர்க்கிறார்? பொருள் கொண்ட பின் அவர் என்ன செய்கிறார்? குரோசஸ், மாக்பெத், தேவந்தி, தங்காள் ஆகிய ஒவ்வொருவரிடமும் இவ்வினாக்களுக்கு வெவ்வேறு விடை கிடைக்கும். உங்களிடம் எவரேனும் உங்கள் எதிர்காலத்தைப் பற்றி உறுதியாகப் பேசும்போதும் இதே மூன்று வினாக்கள் பயன்படும்.

அண்ணன்மார் கதையின் இறுதியில் அனைத்தையும் இழந்த தங்காள் படுகளத்தைத் தேடிச் செல்கிறாள். பெரியக்காண்டியம்மன் அருளால் மாண்ட அண்ணன்மாரை ஒருமுறை எழுப்பிப் பேசுகிறாள். பின்னர் அவர்கள் மறைகின்றனர். இக்கதை பாடப்படும் சில ஊர்களில், படுகளம் பாடும் வேளையில் ஆடவர் சிலர் அருள் வந்து களத்தில் வீழ்ந்தவர்போல் வீழ்வதும், அவர்களை மீண்டும் எழுப்புவதும் சடங்காகவே நடைபெறுகின்றன. விதி எழுதியது வீழ்ச்சியோடு முடிந்துவிட்டது. எழுப்புவது அவ்விதியில் எங்கும் எழுதப்படாத செயல். முடிவு தெரிந்த கதையில் மக்கள் தாமே சேர்த்துக்கொண்ட பகுதி அது. விடியும்வரை அவர்கள் காத்திருப்பதும் அதற்காகவே.